வெள்ளக்கரட்டு மெஷின்கள் காரணம் சொன்ன வருஷம்

டீ ஆறறதுக்குள்ள சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லீங்க இது. இருந்தாலும் கேட்டுட்டீங்க, உக்காருங்க, வெயில் படாத பெஞ்சாப் பாத்து உக்காருங்க, சொல்றேன். எங்க வெள்ளக்கரடு எப்பேர்ப்பட்ட ஊருன்னா, மோட்டார், கிரைண்டர், தேங்கா மட்டையை நாராக் கிழிக்கிற மெஷின், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷின்னு இரும்புல என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செஞ்சு ஊரூருக்கு லாரி ஏத்தி விடற ஊரு, வீட்டுக்கு வீடு ஒரு லேத்து, லேத்துச் சத்தம் நின்னாத்தான் தொட்டில்ல கொழந்தை முழிச்சுக்கிட்டு அழுகும். நான் வசந்தாமணி, தாராபுரம் பக்கத்துல இருந்து இந்த பேக்கரிக்காரருக்கு ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டு, தலை நரைக்கத் தொடங்குன வயசுல இங்க வந்தவ. மெஷினுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மாவு பிசையறதோட சரி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில, வெச்ச சந்தனம் காஞ்சு வெடிச்சுக் கெடந்த மாவு மெஷினைத் துடைக்கலாம்னு வெறுங்கையை அது மேல வெச்சேன், அது பேசுச்சு. "சுவிட்சை இடது பக்கம் வெச்சிருக்கேன். எனக்கு இடதுகைப் பழக்கம். மத்தவங்களைப் பத்தி அப்ப நெனைக்கல." அவ்வளவுதான். பின்னாடி ஒரு பஸ் ஹாரன் கேட்டுச்சு, யாரோ தும்முனாங்க, கம்முனு ஆயிருச்சு. அந்தக் கொரலு மேலவீதி லேத்துக்காரர் திருமூர்த்தியோடது, மூக்கால பேசறவரு, யாருக்கும் அடையாளம் தப்பாது. எனக்குப் பயமெல்லாம் வரலீங்க, கோவம்தான் வந்துச்சு. வந்த நாள்ல இருந்து மெஷினைச் சுத்திப் போயி சுத்திப் போயி சுவிட்ச் போட்டு இடுப்பு நொந்தவ நான், அவருக்கு இடதுகைப் பழக்கமாம்!

பொழுது ஏறறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. வெள்ளக்கரட்டுல செஞ்ச எந்தச் சாமானைத் தொட்டாலும், அதை அப்படிச் செய்யணும்னு எவன் முடிவு பண்ணுனானோ அவன் கொரல்லயே, அந்த நேரத்துல அவன் மனசுல ஓடுன காரணத்தை அது சொல்லுச்சு. அந்த நேரத்துல சுத்துப்பட்டுல கேட்ட சத்தமும் கூடவே வந்துச்சு. மெஷின் எதுக்குப் பேசுதுன்னு ஒருத்தரும் கேக்கல. காலேஜ்ல இருந்து நாலஞ்சு பேரு வந்து ஒயரை மாட்டிப் பாத்துட்டு, டீயும் பப்ஸும் சாப்பிட்டுட்டுப் போனாங்க. கோயில் பூசாரி, சாமி குத்தமெல்லாம் இல்லை, சந்தனம் நல்ல சந்தனம்தான்னாரு. எங்காளுங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உங்களுது என்ன சொல்லுச்சு?"

அதுதாங்க மானக்கேடு. உசத்தியா ஏதாச்சும் சொல்லும்னு காதை ஒட்ட வெச்சுக் கேட்டா, பாதிக்கு மேல மெஷின் சொன்னது "சாம்பிள்ல இருந்துச்சு". எங்க ஊரு தொழில் அப்படித்தாங்க. எங்கயாவது நல்லா ஓடற மெஷின் ஒண்ணை சாம்பிளுக்குத் தூக்கிட்டு வருவாங்க, அக்கக்காக் கழட்டுவாங்க, அளவெடுப்பாங்க, அதே மாதிரி வார்த்து அதே மாதிரி கடைஞ்சு ஊரு பேரு போட்டு வித்துருவாங்க. எங்க ஊரு மோட்டார் எல்லாத்துலயும் அடிப்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அது காத்துப் போற ஓட்டை, அதனாலதான் எங்க மோட்டார் சூடாகாதுன்னு ரெண்டு தலைமுறையா வியாபாரம் பேசியிருக்காங்க, ஓட்டையைச் சுத்திச் செகப்புப் பெயிண்ட்ல வட்டம் வேற. முதன்முதல்ல செஞ்ச மோட்டாரை மெஷின் செய்யறவங்க சங்கத்து ஆபீஸ் வாசல்ல கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. தொறந்து கைய வெச்சாங்க. செத்துப் போன ஒரு பெரிய மனுசர் கொரல்ல அது சொல்லுச்சு: "இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியல. சாம்பிளை ஆணியில மாட்டறதுக்கு எவனோ போட்டிருப்பான் போல. கேட்டா நமக்குத் தெரியலன்னு நெனச்சுக்குவாங்க. போட்டு வெப்போம்." அவரு பேரன் அங்கயே நின்னாரு, சங்கத் தலைவரு அவருதான், மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி சுண்டிப் போச்சு. பொட்டியைப் பூட்டி, சாவியைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் ஊருக்குள்ள நிமிந்து நடந்தவங்க கம்மிங்க. தட்டு வெட்டற மெஷின் "கைப்பிடியை இன்னும் நீளம் வெக்கலாம், பசிக்குது, இது போதும்"னு சொல்லுச்சு. பெரியாஸ்பத்திரிக்குச் செஞ்சு குடுத்த சக்கர நாற்காலி "இதுல உக்கார்றவங்க கொறை சொல்லவா போறாங்க"ன்னு சொல்லுச்சு. அதைச் செஞ்சவரு அன்னைக்குச் சாயங்காலமே அதே மாதிரி நாற்காலியில அவுங்கம்மாவை வெச்சுத் தள்ளிட்டு வந்தவரு, அது அப்படிச் சொன்னதும் நடுரோட்டுல நின்னுட்டாரு. வெளிமாநிலத்துல இருந்து போன் மேல போன்: உங்க மெஷின் தமிழ்ல என்னமோ பேசுதே, என்ன சொல்லுது? எங்க சேல்ஸ்மேனுங்க வாய்க்குக் கேக்கணுமா, "நல்லா ஓடும், நல்லா இருங்கன்னு வாழ்த்துதுங்க"ன்னு சொல்லிச் சமாளிச்சாங்க. எல்லாமே அசிங்கம்னு சொல்லமாட்டேன். கீழவீதியில ஒரு அம்மா, புருசன் போயிச் சேந்து வருஷமாச்சு, அவரு செஞ்ச அடிபம்பு மேல கைய வெச்சா, "பொண்டாட்டி கை சின்னது, அவ புடிக்கிற மாதிரி பண்ணிட்டா யாரும் புடிக்கலாம்"னு சொல்லுதாம். இருக்கறப்ப ஒரு வார்த்தை பிரியமாப் பேசாத மனுசன். அந்தம்மா கொடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்கு வர்றதும், தண்ணி எடுக்க மறந்து திரும்பிப் போறதுமா இருந்துச்சு.

மனுசங்க எதுக்கும் பழகிக்குவாங்க. வெறுங்கை பட்டாத்தான் பேசுதுன்னு கண்டுபிடிச்சதும் ஊரு முழுக்கக் கையுறை. சேஃப்டி இன்ஸ்பெக்டரு எத்தனையோ வருஷமாக் கத்தியும் போடாத கையுறையை இப்ப ஆம்பளை பொம்பளை எல்லாரும் போட்டுக்கிட்டாங்க, கிரைண்டருக்குச் சட்டை தச்சுப் போட்டாங்க, மோட்டாருக்குப் பழைய பாவாடை. சங்கத்துல கூட்டம் போட்டு, ஆனது ஆச்சு, இனிமேலாச்சும் டிசைன் பண்றவங்க நல்ல காரணமா நெனச்சுப் பண்ணுங்கன்னு தீர்மானம் போட்டாங்க. பாவம், அவுங்களும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு "தாய்மார்கள் நலனுக்காக, தாய்மார்கள் நலனுக்காக"ன்னு மந்திரம் மாதிரி முணுமுணுத்துப் பாத்தாங்க. வார்த்து வந்த மெஷினைத் தொட்டா, "தாய்மார்கள்னு சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன், அளவு பழைய டிராயிங்ல இருந்ததுதான்"னு அது பட்டுனு போட்டு உடைச்சுச்சு. நான் சிரிச்ச சிரிப்புல பொறை ஏறிருச்சு.

இந்த லட்சணத்துல, ஊரு மானத்தைக் காப்பாத்தற மாதிரி ஒரே ஒரு மனுசன் இருந்தாரு. மருதாசலம் சாரு. பெரிய கம்பெனியில டிசைன் இன்ஜினியரு, ஒல்லியான ஆளு, சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன ஸ்கேலு, அதட்டிப் பேசத் தெரியாது. டீ குடிக்க வந்தாக்கூட டம்ளர் விளிம்பை விரலால தடவிப் பாத்துட்டு, "இது ஒதட்டை அறுத்துருமுங் அம்மிணி, மாத்திருங்"ம்பாரு. அவரு செஞ்ச கிரைண்டரைத் தொட்டா, "மூலையை மழுக்கி விட்டிருக்கேன், எங்க சின்னம்மா கால்ல இடிச்சுக்கிட்டு நகம் பேந்து போச்சு"ன்னு சொல்லும். அவரு மோட்டாரைத் தொட்டா, "அடியில ரப்பர் குடுத்தாச் சத்தம் கொறையும், பக்கத்து வீட்டுல படிக்கிற புள்ளைங்க இருக்கும்"னு சொல்லும். கேட்டவங்க கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொண்ணுக்குச் சீர் வெக்கிறதா இருந்தா மருதாசலம் கிரைண்டராப் பாத்து வெய்யுங்கன்னு சம்பந்தி வீட்டுல கேக்க ஆரம்பிச்சாங்க. ஊரே சேந்து அவருக்குப் பாராட்டு விழா எடுக்கறதுன்னு முடிவாச்சு, மண்டபம் புடிச்சாச்சு, ரோட்டுக்குக் குறுக்க அவரு மூஞ்சி போட்டு ஃபிளெக்ஸ் கட்டியாச்சு.

அவரு வேண்டாம் வேண்டாம்னாரு. எத்தனை அடக்கம் பாருன்னு அதுக்கும் ஒரு பாராட்டு. ஆனா நான் கல்லாவுல உக்காந்து நாள் பூரா மனுச மூஞ்சியப் பாக்கறவ. அவரு அடக்கத்துல சொல்லல. ஊர்லயே மொதல்ல கையுறை போட்டது அவருதான், கழட்டாம போட்டிருந்ததும் அவருதான், கல்யாண வீட்டுப் பந்தியில எலை முன்னால உக்காந்துக்கிட்டு ஸ்பூன் கேட்டாரு. கேடு கெட்ட காரணத்துக்கு மெஷின் செஞ்சவன் கையை மூடறான், சரி. இவருக்கு என்ன வந்துச்சு? அதோட இன்னொண்ணு. எங்க கடையில டீ எடுத்துக் குடுக்கறது ராமாத்தா. அவ டீ கொண்டு போனா இவரு தலையைத் தூக்கமாட்டாரு. டம்ளரைப் பெஞ்சு மேல வெக்கச் சொல்லிட்டு, அவ நகந்த பெறகுதான் எடுப்பாரு.

ராமாத்தாளைப் பத்திச் சொல்லோணும். அவ மொதல்ல மருதாசலம் சாரோட கம்பெனியிலதான் இருந்தா, மட்டை மெஷின் வாங்க வர்றவங்களுக்கு மட்டையை உள்ள குடுத்து ஓட்டிக் காட்டற வேலை. நெம்பக் குசும்பு புடிச்சவ, அவ நின்னா அந்த எடமே கலகலன்னு இருக்குமாம். அப்படி ஒரு நாள் மட்டையோட கையும் உள்ள போயிருச்சு. வலதுகையில கட்டைவிரலு ஒண்ணுதான் மிச்சம். விசாரணைக்கு வந்தவங்க, எப்படி ஆச்சுன்னு மெஷினை டிசைன் பண்ணுன இன்ஜினியரைக் கேட்டாங்க. "அந்தப் பொண்ணு போன் பாத்துட்டு இருந்திருக்கலாம்"னாரு மருதாசலம் சாரு. அவரு "இருந்திருக்கலாம்"னுதான் சொன்னாரு, அது கம்பெனி கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே ராமாத்தா போன் பாத்துட்டுக் கையை விட்டுட்டான்னு ஆயிப்போச்சு. பொய் பேசாத மனுசன் சொன்னதாச்சே, ஊரு நம்புச்சு. நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை, அந்த மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடிப் பின்னாடி ஷெட்டுல பூட்டிட்டாங்க. அந்த மாதிரியில மத்ததெல்லாம் வெளிமாநிலத்துக்குப் போயிருச்சு, ஊருக்குள்ள இருந்தது அது ஒண்ணுதான். நான்தான் கூப்புட்டு வெச்சுக்கிட்டேன். கையை முந்தானைக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஒத்தைக் கையில டீ குடுப்பா, யாராச்சும் கடையில போனை எடுத்தாப் போதும், அவ சமையல்கட்டுக்குள்ள போயிருவா.

ஊருக்காரன் பேசுனாக்கூடப் பரவால்லீங்க. அவளுக்கு ஒரே புள்ளை, கோகிலவாணி, பதினொண்ணாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல அதைப் "போன்காரி மக"ன்னு கூப்புடுவாங்களாம். ஒரு நாள் என் கண்ணு முன்னாலதான், அந்தப் புள்ளை கையில போனை வெச்சுக்கிட்டு இருந்துச்சு, இவ "படிக்கிற நேரத்துல என்ன போனு"ன்னா. அது வெடுக்குனு திரும்பி, "போனைப் பாத்துட்டுக் கையைக் குடுத்தவ நீ, எனக்குப் புத்தி சொல்றியா"ன்னு கேட்டுருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு ஓங்கி ஒண்ணு வெச்சிருப்பேன். ராமாத்தா என் கையைப் புடிச்சுக்கிட்டா. அந்தப் புள்ளை போன பெறகு, மாவு மூட்டை மேல உக்காந்துக்கிட்டுச் சொன்னா.

"அன்னைக்குப் போனு எங்க வீட்டுக்காரரு கையில இருந்துச்சுக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே வெளங்கல. பாத்தேனோ என்னமோ."

மெஷினுங்க பேச ஆரம்பிச்சதும் அவளுக்கு ஒரே நெனப்புதான். அந்த மட்டை மெஷின் மேல ஒருக்கா கைய வெக்கோணும், அது என்ன சொல்லுதுன்னு எம்புள்ளை கேக்கோணும். தெனமும் கடைக்கு வர்றதுக்கு மின்ன கம்பெனி கேட்டுல போயி நிப்பா. வாட்ச்மேன், "போயிட்டு அப்பறம் வா ராமாத்தா"ம்பாரு. அப்பறமும் போவா. மொதலாளி காதுக்கு இது போச்சு. அவரும் ராட்சசன் இல்லீங்க, கோயில் குளத்துக்குச் செய்யறவருதான், ஆனா வம்புன்னா அவருக்கு வேர்த்துரும். உருக்கிட்டா இரும்பு பேசாதுன்னு அதுக்குள்ள ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருந்துச்சு, எத்தனையோ பேரு எத்தனையோ சாமானைக் கமுக்கமா உருக்கியாச்சு. அந்த மட்டை மெஷினையும் ஃபவுண்டரிக்கு அனுப்பிரலாம்னு முடிவு பண்ணி, ஊரு பூரா பாராட்டு விழாவுல இருக்கற நேரமாப் பாத்து லாரியில ஏத்துனாரு. மருதாசலம் சாருகிட்டச் சொல்லிட்டுத்தான் ஏத்துனாராம். சாரு தலையை மட்டும் ஆட்டுனாராம்.

கணக்குப் போட்டவங்க ஒண்ணை மறந்துட்டாங்க. ஃபவுண்டரிக்குப் போகோணும்னா எங்க கடையைத் தாண்டித்தான் போகோணும், மண்டபமும் எங்க கடைக்கு எதுத்தாப்புலதான். நல்ல வெயில் நேரம், சாரை ஊர்வலமாக் கூட்டிட்டு வர்றாங்க, முன்னால தவுலு நாயனம், கழுத்துல மாலை, தோள்ல பொன்னாடை, அதோட சேராத கையுறை வேற, பின்னால ஊரே வருது, கடைசியில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பூத்தட்டை வெச்சுக்கிட்டு வரிசையா வருதுங்க. லாரி நகர வழியில்லாம எங்க கடை வாசல்ல நின்னுருச்சு. டிரைவரு வெளியூருக்காரரு, எறங்கி டீ கேட்டாரு. ராமாத்தா டீயோட வெளிய வந்தவ, லாரியைப் பாத்தா. தார்ப்பாய் ஒரு பக்கம் வெலகி அந்த மட்டை மெஷினோட நீலப் பெயிண்ட் தெரிஞ்சுச்சு. டம்ளரை என் கையில குடுத்தா, முந்தானையை இடுப்புல சொருகுனா, சக்கரத்து மேல காலை வெச்சு ஏறிட்டா. டிரைவரு "ஏய், ஏய்"னாரு. நான் அவரு கையில ஒரு தேங்கா பன்னைத் திணிச்சு, "சித்தெ கம்முனு இருங்க சாமி"ன்னேன்.

"அம்மிணி! வேண்டாமுங் அம்மிணி!" மருதாசலம் சாரு ஊர்வலத்தை விட்டுட்டு ஓடி வர்றாரு, மாலை ஒரு பக்கம், பொன்னாடை ஒரு பக்கம். ஏதோ ஆபத்துன்னு நெனச்சுத் தவுல்காரரும் நிறுத்திட்டாரு. அந்த நிசப்தத்துல ராமாத்தா தார்ப்பாயை இழுத்துத் தள்ளிட்டு, அந்தக் கையை, கட்டைவிரலு மட்டும் மிச்சம் இருந்த கையை, மெஷின் மேல வெச்சா.

மருதாசலம் சாரு கொரலுதான். ஆனா நல்ல தெம்பான கொரலு, இந்த மாதிரி ஓஞ்சு போன கொரலு இல்லை. "வாய்க்கு முன்னால கம்பியில தடுப்பு வெச்சிருக்கேன். மட்டை உள்ள போகும், கை போகாது." அதைச் சொன்ன அந்தச் சந்தோஷத்தைக் கேக்கோணுமே நீங்க. அப்பறம் சத்தம் வந்துச்சு, கூட்டத்துச் சத்தம், பொரி கொறிக்கிற சத்தம். அது வெள்ளோட்டத்துச் சத்தம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. எங்க ஊர்ல ஒரு மெஷினைப் புதுசாச் செஞ்சா மொதல் ஓட்டத்தை ஊரைக் கூட்டி வெச்சுத்தான் ஓட்டுவாங்க, பொரி குடுப்பாங்க, வந்தவங்க ஆளாளுக்கு நல்லது பொல்லது சொல்லுவாங்க, ஊரு பாத்துச் சிரிச்ச மெஷின் விக்காதுன்னு இங்க ஒரு நம்பிக்கை. அந்தக் கூட்டத்துச் சத்தத்துக்கு நடுவுல ஒரு பொம்பளைக் கொரலு கணீர்னு கேட்டுச்சு:

"கூண்டு சரிங் சார், கிளி எங்கீங்?"

ஊரே சிரிச்சுச்சு. லாரி மேல இருந்து அந்தச் சிரிப்பு ஊருக்கு மேல வந்து கொட்டுச்சு. அவங்கவங்க சிரிப்பு அவங்கவங்களுக்குத் தெரியாதா? சங்கத் தலைவரோட கனைப்பு, மூக்கால சிரிக்கிற திருமூர்த்தி, மொதலாளியோட இருமல் சிரிப்பு, எங்க வீட்டுக்காரரு தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறது, எல்லாம் தனித்தனியாக் கேட்டுச்சு. எம் பக்கத்துல நின்ன மனுசன் அடுப்பைப் பாக்கறேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. சிரிப்பு ஓயறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சுங்க. அப்பறம் சாரு கொரலு, தணிஞ்சு போயி: "எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. தடுப்பைக் கழட்டிட்டேன். யாரும் கழட்டச் சொல்லல."

ரோட்டுல அத்தனை சனம், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. பெரிய பெரிய ஆளுங்க செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ராமாத்தா லாரி மேலயே உக்காந்துட்டா.

"கிளி எங்கன்னு கேட்டது நானுங்க்கா," அப்படின்னா எங்கிட்ட, சின்னக் கொரல்ல. "எங்கொரலுதான் அது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கேட்டா என்ன? ஒரு லொள்ளு பேசுறதுக்கு ஒரு கையா வெலை? படிச்ச மனுசன் எதுக்கு இருக்காரு? நாம சிரிச்சா, போங்கடா பைத்தியக்காரப் பயலுகளான்னு சொல்லிட்டுத் தடுப்பை முடுக்கி விட்டிருக்கோணுமா இல்லையா?" நான் போட்ட சத்தம் மண்டபத்துக்குள்ள இருந்த சமையக்காரங்களுக்கே கேட்டிருக்கும். எத்தனையோ பேருக்கு நகம் பேந்துரும்னு யோசிச்ச மனுசன், தன் வெக்கத்துக்கு ஒரு பொம்பளையோட கையைக் குடுத்துட்டு, அதை மறைக்க அவ பேரையும் குடுத்துட்டு, பொன்னாடையோட நடுரோட்டுல நிக்கறாரு. எனக்கு அவரைப் பாக்கப் பாவமாவும் இருந்துச்சு, பாவப்படறேனேன்னு எம் மேலயே கோவமாவும் இருந்துச்சு.

சங்கத் தலைவருக்கு எப்படியாச்சும் அந்த எடத்தை முடிச்சு வெக்கோணும். "சரி சரி, மெஷினே சொல்லிருச்சு, எல்லாரும் கேட்டாச்சு. ஆனது ஆயிப்போச்சு. ராமாத்தாளுக்கு என்ன செய்யோணுமோ சங்கத்துல பேசிச் செஞ்சுரலாம். வெயில் ஏறுது, மண்டபத்துக்குப் போலாம் வாங்க"ன்னாரு. கொஞ்சப் பேரு அதுதான் சாக்குன்னு நகரவும் ஆரம்பிச்சாங்க.

ராமாத்தா எந்திரிச்சு நின்னா.

"மெஷின் சொல்லிருச்சுங்க. சார் சொல்லட்டும்."

"அதான் சாரு கொரல்லயே வந்துச்சேம்மா," அப்படின்னாரு தலைவரு.

"அது தடுப்பைக் கழட்டுன கதைங்க. போன் கதையை அது சொல்லல. அதைச் சொன்னது சாருங்க."

நகந்தவங்க நின்னுட்டாங்க. அவ சொன்னது நெசந்தானுங்களே. மெஷினுக்கு அது ஏன் அப்படி இருக்குதுன்னுதான் தெரியும். ஒரு மனுசன் அப்பறம் என்ன பொய் சொன்னான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்றதுக்கு உலகத்துலயே ஒரு வாய்தான் இருந்துச்சு, அந்த வாய் மூடியிருந்துச்சு. சாரு மாலையைக் கழட்டுனாரு. எங்க வெக்கறதுன்னு தெரியாம கையிலயே புடிச்சுக்கிட்டாரு. லாரிப் பக்கத்துலயே நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு, அப்படி ஒரு கொரலு.

"அந்தப் பொண்ணு போன் பாத்ததை நான் பாக்கல. பாத்துட்டு இருந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. எம் மேல வந்துரும்னு பயந்துக்கிட்டு நானாச் சொன்னேன். பொய் சொன்னேன்."

சொல்லிட்டு, முடிஞ்சுதுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எங்களுக்கும் முடிஞ்சாப் போதும்னுதான் இருந்துச்சு. வெயில்ல நின்னு ஒரு மனுசன் அவமானப்படறதைப் பாக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க, பாக்கறவங்களுக்கும் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும். ஆனா ராமாத்தா எறங்கல. லாரி மேல நின்னவாக்குல எட்டி, கூட்டத்துக்குப் பின்னால, பூத்தட்டோட வரிசையில நின்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களைத் தேடிப் பாத்தா. அப்பறம் சாரு பக்கம் திரும்பி, கோவமே இல்லாம, கடையில டீ குடுக்கற மாதிரி பணிவாத்தான் சொன்னா:

"எம்புள்ளை கடைசியில நிக்குதுங் சார். அதுக்குக் கேட்டிருக்காது."

சாரு தொண்டையைச் செருமிக்கிட்டு, சத்தமா, மொதல்ல இருந்து சொன்னாரு.